பாம்புக்கு இருமத் தெரியாது

ஸ்கார்பரோவிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

உங்கள் பதிமூன்று வயது மகன் ஆசை ஆசையாக வளர்க்கிற பால் பைத்தான் (ball python) பாம்பு மூச்சு விடும்போது கொஞ்ச நாளாக மெல்லிய விசில் சத்தம் வருகிறது, மூக்குத் துளையில் நீர்க்குமிழி பார்த்தான், இரை எடுத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது, இப்போது வாயோரத்தில் ஈரம் தெரிகிறது. இவ்வளவையும் வரிசையாக எழுதிவிட்டு, "பனிக்காலத்தில் நமக்கே சளி பிடிக்கிறது, அதற்குப் பிடிக்காதா? தானாகச் சரியாகிவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியாகாது. இந்த வாரத்துக்குள் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். நாய், பூனை மட்டும் பார்க்கிற இடமாக இருந்தால், "பாம்பு பார்ப்பீர்களா?" என்று தொலைபேசியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தின் மீதியை அதற்கான நேரம் குறித்த பிறகு படித்தாலும் போதும். இதே கேள்வி வேறு ஊர்களிலிருந்தும் வருவதால், உங்கள் பெயரை விட்டுவிட்டு எல்லோருக்கும் உதவுகிற மாதிரி விரிவாகவே எழுதுகிறேன்.

நமக்கு நெஞ்சில் சளி கட்டினால் இருமுகிறோம். உதரவிதானமும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து கொடுக்கிற வேகத்தில் சளி மேலே வந்துவிடுகிறது. பாம்புக்கு உதரவிதானமே கிடையாது. விலா எலும்புகளை அசைத்துத்தான் அது மூச்சு விடுகிறது. நம்மைப் போல இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. நுரையீரலும் உடம்புக்கு ஏற்ற நீளம். பெரும்பாலான பாம்புகளுக்கு வலது நுரையீரல் ஒன்றுதான் உருப்படியாக வளர்ந்திருக்கும். பைத்தான், போவா இனங்களுக்கு இரண்டும் உண்டு, இடது மட்டும் சிறியது. நுரையீரலின் முன்பகுதியில்தான் ரத்தம் காற்றை வாங்குகிறது. பின்பகுதி ரத்த ஓட்டம் குறைந்த வெறும் காற்றுப்பை. சளி அங்கே இறங்கித் தேங்கினால் வெளியே வர வழியில்லை, ரத்தத்தில் ஏறுகிற மருந்தும் அங்கே எளிதில் போய்ச் சேராது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஊர்வனவற்றின் சீழ் நமக்கு வருவது போல இளகி வழியாது, பாலாடைக்கட்டி போல இறுகிப்போகும். நம் வெள்ளணுக்களில் சீழைக் கரைக்கிற நொதி இருக்கிறது, அவற்றின் வெள்ளணுக்களில் அது இல்லை. அதனால் நாட்பட்ட நோயில் காற்றுக்குழாயிலேயே கட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு.

பாம்புக்கு ஆக்சிஜன் தேவையும் குறைவு. நுரையீரலில் ஒரு பகுதி கெட்டாலும் மீதியை வைத்துச் சமாளித்துக்கொண்டு, பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். நம் காதில் சத்தம் விழுகிற நாளில் நோய் சில வாரம் பழையதாகியிருக்கலாம். 'இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்' என்று நான் சொல்லாததற்கு இதுதான் காரணம். அந்தக் 'கொஞ்ச நாள்' ஏற்கெனவே கழிந்துவிட்டது.

விசில் சத்தம் கேட்டாலே நோய் என்று பயப்படவும் வேண்டாம். சட்டை உரிக்கப் போகிற பாம்பின் கண் பால் படிந்தாற்போல மங்கும், தோல் வெளிறும். அந்த நாட்களில் மூக்குத் துளையின் ஓரத்தில் பழைய தோல் சுருண்டு நின்றால் மூச்சோடு விசில் வரும். சட்டை முழுதாகக் கழன்றதும் அது நின்றுவிட வேண்டும். உங்கள் மகனும் முதலில் அப்படித்தான் நினைத்திருக்கிறான், தப்பில்லை. ஆனால் சட்டை உரித்து முடிந்த பிறகும் சத்தம் தொடர்கிறது என்கிறீர்களே, அது நோயின் சத்தம். இரை விழுங்கியபின் வாயை அகலத் திறந்து தாடையை அசைப்பதும், தண்ணீர் குடித்த உடனே மூக்கில் ஒரு குமிழி தெரிவதும் இயல்புதான். பால் பைத்தான் பனிக்காலத்தில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட இரை எடுக்காமல் இருக்கும். நன்றாக இருக்கிற பாம்பு அப்படி இருந்தால் எடை அவ்வளவாக இறங்காது. ஆகவே பட்டினியை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் எடையைப் பாருங்கள். அதற்கென்று தனியாக ஒரு சிறிய தராசு வாங்குங்கள், சமையலறைத் தராசு வேண்டாம்.

நோய் என்றால் அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். முதலில் மூச்சில் விசில், 'டிக் டிக்' என்று தெறிக்கிற ஒலி, காதருகே வைத்தால் கரகரப்பு. பிறகு மூக்கிலும் வாயிலும் குமிழி, நூலிழையாகத் தொங்கும் எச்சில், தொட்டியின் கண்ணாடியில் காய்ந்த சளித் தடம். அப்புறம் தொண்டை புடைத்துப் புடைத்து அடங்கும். கடைசியில் பாம்பு வாயைத் திறந்தே வைத்திருக்கும், தலையையும் முன்னுடம்பையும் கண்ணாடிச் சுவரில் சாய்த்து மேல்நோக்கி நீட்டியபடி கிடக்கும். தலையைத் தூக்கினால்தான் காற்று போகிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அந்த நிலையில் பார்த்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது.

வாய்க்குள் பார்க்கிற வேலையை மருத்துவரிடம் விடுங்கள், ஆனால் அவர் என்ன பார்க்கிறார் என்று உங்கள் மகன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை உதட்டோரம் நுழைத்து வாயைத் திறப்பார். நல்ல பாம்பின் வாய் வெளிர் இளஞ்சிவப்பாக, லேசான ஈரத்தோடு இருக்கும். கீழ்த்தாடையின் நடுவில், நாக்கு வெளிவரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறிய பிளவு திறந்து மூடும். அதுதான் மூச்சுத்துளை. பெரிய இரையை விழுங்கும்போது வாய் முழுக்க அடைத்திருந்தாலும் இந்தக் குழாய் முனையை முன்னால் நீட்டிப் பாம்பு மூச்சு வாங்கிக்கொள்ளும். நோயுற்ற பாம்பில் அந்தப் பிளவு திறக்கும்போதெல்லாம் நுரை கொப்பளிக்கும், அல்லது மஞ்சள் கலந்த கெட்டிச் சளி ஒட்டிக்கொண்டிருக்கும். ஈறுகளில் சிவந்த புள்ளிகள் இருந்தால் வாய்ப்புண்ணும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சீழ் வழுக்கி உள்ளே போனாலும் நுரையீரல் கெடும்.

சரி, இது எப்படி வந்தது? நோயைக் கிளப்புபவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற கிருமிகள் அல்ல. சூடோமோனாஸ், ஏரோமோனாஸ், கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் நல்ல பாம்பின் வாயிலும் தொட்டியின் ஈரத்திலும் எப்போதும் இருப்பவைதான். பாம்பின் எதிர்ப்புச் சக்தி சரிகிற வரை அவை சும்மா கிடக்கும். எதிர்ப்புச் சக்தியைச் சரிப்பதில் முதல் குற்றவாளி குளிர்.

இதற்குக் கண்ணால் பார்த்த சான்று இருக்கிறது. 1970-களின் நடுவில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளுகரும் அவருடன் வேலை செய்தவர்களும் பாலைவன இகுவானா என்ற பல்லி இனத்துக்கு ஏரோமோனாஸ் கிருமியை ஏற்றினார்கள். நோயுற்ற பல்லிகள் வழக்கத்தை விடச் சூடான இடத்தைத் தேடிப் போய்ப் படுத்தன. நமக்கு உடம்பே காய்ச்சலை உண்டாக்கிக்கொள்கிறது, அவை காய்ச்சலைத் தேடிப் போகின்றன. பிறகு அவற்றை வெவ்வேறு வெப்பநிலையில் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். 34 டிகிரி செல்சியஸில் இருந்தவை எல்லாம் இறந்தன. 40, 42 டிகிரியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. பாலைவனத்துப் பல்லிக்கு ஏற்ற சூடு அது, உங்கள் பாம்பை அந்த அளவுக்குச் சூடாக்கிவிடாதீர்கள். ஆனால் அடிப்படை பாம்புக்கும் பொருந்தும். தேடிப் போகச் சூடான இடமே இல்லாத தொட்டியில் அடைத்தால் அதன் வைத்தியத்தையே பறித்துவிட்டோம்.

பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கானா, டோகோ, பெனின் பக்கம் எலி வளைகளிலும் பழைய கரையான் புற்றுகளிலும் ஒண்டிக் கிடக்கிற உயிர். தொட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் சூடும், மறுமுனையில் 25 முதல் 27 வரையும் இருக்க வேண்டும். இரவிலும் 24-க்குக் கீழே இறங்கக் கூடாது. காற்றில் ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். உங்கள் ஊர்ப் பனிக்காலத்தை நினைத்துப் பாருங்கள். ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று வறண்டுபோகும். மின்கட்டணம் மிச்சம் பிடிக்க இரவில் வீட்டுச் சூட்டைக் குறைப்போம். தொட்டி ஜன்னலோரம் இருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பகலில் சரியாக இருக்கிற தொட்டி விடிகாலை நான்கு மணிக்கு என்ன சூட்டில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

கண்ணாடியில் ஒட்டுகிற வட்ட முள் மீட்டரை நம்ப வேண்டாம். அது கண்ணாடியின் சூட்டைக் காட்டும், பாம்பு படுத்திருக்கிற தரையின் சூட்டைக் காட்டாது. வயர் முனை உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்குங்கள். ஒரு முனை சூடான மறைவிடத்தின் தரையில், இன்னொன்று குளிர்ந்த பக்கத்தில். இரவில் பதிவான மிகக் குறைந்த அளவை நினைவில் வைக்கிற வகையாகப் பாருங்கள். ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டவே கூடாது, சூடு ஏறி வயிறு வெந்துபோன பாம்புகள் எங்களிடம் வருகின்றன. ஈரப்பதத்துக்காகத் தரை விரிப்பைச் சொதசொதவென்று நனைப்பதும் கெடுதல். தேங்கிய ஈரத்திலும் காற்றோட்டம் இல்லாத தொட்டியிலும்தான் கிருமி பெருகும். தண்ணீர்க் கிண்ணத்தைப் பெரிதாக்கி, வலைமூடியின் ஒரு பகுதியை மட்டும் மூடினால் போதும்.

அக்டோபரில் ஒரு ஊர்வனச் சந்தையில் இன்னொரு குட்டி பால் பைத்தான் வாங்கி அதே அறையில் வைத்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதிகம் கவலை தருவது அந்த வரிதான். பைத்தான்களின் நுரையீரலைத் தாக்குகிற நிடோவைரஸ் என்ற வைரஸை 2014-ல் அடையாளம் கண்டார்கள். 2018-ல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை நல்ல பால் பைத்தான்களுக்குச் செலுத்தி, அதே மூச்சுக்குழாய் நோய் வருவதைக் காட்டினார்கள். இந்த வைரஸ் இருக்கிற பாம்பு மாதக்கணக்கில் ஒரு குறையும் தெரியாமல் இருந்துகொண்டே மற்றவற்றுக்குப் பரப்பலாம். ஃபெர்லாவைரஸ் என்று இன்னொன்றும் உண்டு, அது பல இனப் பாம்புகளையும் தாக்கும். உடம்பில் கடுகை விடச் சிறியதாக ஊர்கிற கருப்பு உண்ணிகளும் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு ஏறும். ரத்தத்தை உறிஞ்சிப் பாம்பைச் சோர்வாக்கும், கிருமிகளையும் சுமந்து போகும்.

அதனால் இன்றே குட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள். முதலில் குட்டியைக் கவனித்துவிட்டு, அதன்பின் நோயாளியிடம் போகட்டும் உங்கள் மகன். இடுக்கி, கிண்ணம், துடைக்கும் துணி எல்லாம் தனித்தனி. ஒன்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இன்னொன்றைத் தொடக் கூடாது. இனி எந்தப் பாம்பு வீட்டுக்குள் வந்தாலும் மூன்று மாதமாவது தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது பாம்பைத் துணிப்பையில் விட்டுப் பையின் வாயைக் கட்டி, அதை ஒரு தெர்மோகோல் பெட்டியில் வையுங்கள். காரை முன்னாலேயே சூடாக்கிவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள். மூச்சுச் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்து கொண்டு போங்கள், அங்கே போனதும் அது சத்தம் போடாமல் இருந்துவிடலாம். தொட்டியின் படம், மூன்று நாள் பகல் இரவு வெப்பநிலை, கடைசியாக இரை எடுத்த தேதி, எடை, இவையும் ஒரு தாளில் இருக்கட்டும்.

எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார், எடுங்கள். அதை விட முக்கியமான பரிசோதனை ஒன்று உண்டு, அதை நீங்களே கேளுங்கள். நான் சொன்ன மூச்சுத்துளை திறக்கிற நொடியில் மெல்லிய குழாயை உள்ளே இறக்கி, கிருமி நீக்கிய உப்புநீரைக் கொஞ்சம் செலுத்தித் திரும்ப உறிஞ்சுவார்கள். வந்த நீரில் என்ன கிருமி வளர்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். இந்தக் கிருமிகளில் பல, சாதாரண ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாதவை. ஊகத்தில் கொடுத்த மருந்து பலிக்காமல் போனால் வாரங்கள் வீணாகும். கூடவே வாயில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து வைரஸுக்கான பி.சி.ஆர். சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு பாம்புகளுக்கும்.

மருந்து பெரும்பாலும் ஊசிதான். செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் பாம்பின் உடம்பில் மெதுவாகவே கரைவதால் மூன்று நாளுக்கு ஒருமுறை போட்டாலே போதுமானதாக இருக்கும். வீட்டிலேயே போடக் கற்றுத் தருவார்கள். உடம்பின் முன்பாதியில்தான் போட வேண்டும். பின்பாதியில் போட்டால் அங்கிருந்து வருகிற ரத்தம் உடம்பெல்லாம் பரவுமுன் சிறுநீரகத்தின் வழியாகப் போகக்கூடும். என்ரோஃப்ளாக்சசின் நல்ல மருந்துதான், ஆனால் ஊசியாகப் போட்ட இடத்தில் வலித்துத் தசை புண்ணாகலாம். அமிகாசின் கொடுத்தால் பாம்பின் உடம்பில் நீர் குறையாமல் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும். மருந்தைப் புகைமூட்டமாக்கி மூச்சில் இழுக்க வைக்கிற நெபுலைசரையும் சில பாம்புகளுக்குப் பரிந்துரைப்பார்கள். அளவையும் நாளையும் பாம்பின் எடை பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

இத்தனை மருந்தும் குளிர்ந்த பாம்பில் வேலை செய்யாது. ஊசி பாதி வைத்தியம், சூடு மீதிப் பாதி. சிகிச்சை நடக்கிற வாரங்களில் தொட்டியை அதன் இயல்பான சூட்டின் மேல் எல்லையில் இரவும் பகலும் வைக்கச் சொல்வார்கள். தப்பிக்க ஒரு குளிர்ந்த மூலையும் கட்டாயம் இருக்கட்டும். மருத்துவர் சொல்கிற வரை இரை கொடுக்காதீர்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மகன் தூக்கிக் கொஞ்சுவதை நிறுத்தி வைக்கட்டும். இரண்டாவது வாரத்தில் விசில் நின்றுவிடலாம். அங்கேதான் பலரும் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள், ஒரு மாதம் கழித்து நோய் இன்னும் முரட்டுத்தனமாகத் திரும்புகிறது. மருத்துவர் மறுபடி சோதித்து 'போதும்' என்கிற வரை நிறுத்தக் கூடாது.

நம் வீடுகளில் சளி என்றதும் கை தானாகப் போகிற இடங்கள் உண்டு. ஆவி பிடிப்பது, யூகலிப்டஸ் தைலம், விக்ஸ், சாம்பிராணி. இவற்றில் எதையும் அந்த அறைக்குள் கொண்டு போகாதீர்கள். நமக்கு மூக்கைத் திறக்கிற வாசனை அதன் காற்றுக்குழாயை எரிக்கும். உங்கள் உறவினர் நாய்க்கு வாங்கி மிச்சம் வைத்திருப்பதாக நீங்கள் எழுதிய மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றவும் கூடாது. மூச்சுத்துளை வாயின் முன்பக்கமே இருப்பதால் ஊற்றியது நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம்.

வைரஸ் என்று முடிவு வந்தால் அதற்கு நேரடி மருந்து கிடையாது. கூட வருகிற பாக்டீரியாவை அடக்கி, சூடும் நீரும் கொடுத்துத் தாங்க வைக்கலாம். சில பாம்புகள் பல மாதம் நன்றாகவே இருக்கும், சில இருக்காது. பிழைத்தாலும் அதை வேறு பாம்புகளோடு சேர்க்கக் கூடாது, யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. பையனுக்கு இதைச் சொல்வது கஷ்டம், ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் மாமனாரின் இருமலுக்கு இந்தப் பாம்பு காரணமாக இருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள், அந்தப் பயம் வேண்டாம். பாம்பின் இந்த நோய் சளியாக மனிதருக்கு ஒட்டுவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது சால்மோனெல்லா. அது நல்ல பாம்பின் கழிவிலும் இருக்கும். தொட்டபின் கை கழுவுவது, பாம்புத் தொட்டிச் சாமான்களைச் சமையலறைச் சிங்கில் கழுவாமல் இருப்பது, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எட்ட வைப்பது, இந்த மூன்றும் போதும்.

இதைப் படிக்கிற தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நம் மண்ணின் சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லை என்று பயந்து நோயுற்ற பாம்பை மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை.

கடைசியாக, "இதையெல்லாம் பார்த்தால் யாருக்காவது கொடுத்துவிடலாம் போலிருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். நல்ல கவனிப்பில் பால் பைத்தான் இருபது, முப்பது வருடம் சர்வசாதாரணமாக வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020-ல் முட்டையே இட்டது. இது நீண்ட பொறுப்பு என்பதை மகனும் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் நோயோடு இருக்கிற பாம்பை இப்போது கைமாற்றினால் இன்னொரு வீட்டுப் பாம்புகளுக்கும் ஆபத்து. முதலில் குணப்படுத்துங்கள், மற்றதை அப்புறம் நிதானமாக முடிவு செய்யலாம்.

மகனைத் திட்டாதீர்கள். வீட்டில் வேறு யார் காதிலும் விழாத சத்தத்தை அவன்தான் முதலில் கேட்டான். இருமவும் தெரியாத, வலிக்கிறது என்று சொல்லவும் முடியாத ஒரு உயிரிடம் அவ்வளவு கவனமாக இருக்கிற பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, தினமும் காலையிலும் இரவிலும் வெப்பநிலையை எழுதச் சொல்லுங்கள், வாரம் ஒருமுறை எடையை எழுதச் சொல்லுங்கள், ஊசி போட்ட தேதியைக் குறிக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் நீங்கள் பேச வேண்டாம், அவனே பேசட்டும். சோதனை முடிவு வந்ததும் எனக்கும் எழுதச் சொல்லுங்கள், அவன் பெயருக்கே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்